ஊர்வீட்டின் வரலாற்றைத் தேடி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

இதுவரை மூன்று வீடுகளுக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு, செங்கோட்டையில் மனைவி வீடு, அப்புறம் ஒரு நண்பரின் வீடு. அதற்குப் பிறகு நான்கைந்து பேர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்: "முதலில் யார் கட்டினது?" என்று தொடங்கிவிடுகிறார்கள். அங்கேயிருந்து ஆரம்பித்தால் வேலை நகராது. இன்றைய வரி ரசீதில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். ஒரு படியை உறுதி செய்யாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. கீழே இருக்கும் வரிசை அதற்காகத்தான்.

1. முதலில் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்

இது ஒரு படியா என்று தோன்றும். ஆனால் இதைத் தவறவிட்டவர்களுக்கு மற்ற எதுவும் நடக்கவில்லை. பத்திரம் என்று வாயெடுத்ததுமே "வீட்டை விக்கப் போறானா, பாகம் கேக்கப் போறானா" என்ற பேச்சு கிளம்பிவிடும். எங்கள் சித்தப்பா இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

எதற்காகக் கேட்கிறேன், என்ன கிடைத்தாலும் எல்லோருக்கும் ஒரு பிரதி தருவேன் என்று குடும்பக் குழுவில் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். முதல் நகலை அனுப்பிய பிறகுதான் சித்தப்பா தன் பெட்டியைத் திறந்தார். நான் தேடிக்கொண்டிருந்த மூலப்பத்திரம் அதில்தான் இருந்தது.

2. கிளம்பும் முன் கையில் வேண்டியவை

கடைசி வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், கடைசியாக எழுதிய ஒரு பத்திரம், குடும்ப மரம் ஒன்று. மரத்தில் பெயர் மட்டும் போதாது, ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டும் வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று வரும்போது தகப்பனார் பெயர் தெரியாவிட்டால் கொள்ளுத்தாத்தா செய்த கிரயத்தைத் தாத்தா கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

கூடவே ஒரு தடித்த நோட்டு. இடது பக்கம் ஆண்டு, வலது பக்கம் நடந்தது, கடைசியில் அது எங்கே கிடைத்தது என்பது. அந்த மூன்றாவதை எழுதாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே உங்கள் குறிப்பை நம்ப மாட்டீர்கள்.

3. காகிதத்துக்கு முன் ஆட்கள்

பதிவு அலுவலகத்து ஏடு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். தொண்ணூறு வயது அத்தை இருப்பாரா என்று சொல்ல முடியாது. அதனால் இதுதான் முதல் தேடல்.

"வீடு எந்த வருஷம் கட்டினது?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் வருஷம் நினைவில் இருக்காது, உங்களைச் சந்தோஷப்படுத்த ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு, பெருமழை என்று ஏதாவது ஒரு நிகழ்வில் கட்டிக் கேளுங்கள். "நீங்க பிறந்தப்போ வீடு எப்படி இருந்துச்சு? கிணறு யார் கல்யாணத்துக்கு முன்னாடி வெட்டினது?" எங்கள் மூத்த அத்தை சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்குப் பின்னால் பெரிய உதவி: "தம்பி கூரை வீட்லதான் பொறந்தான், தங்கச்சி பொறந்தப்போ சுண்ணாம்பு வாசனை இன்னும் போகல." தம்பி என்பது என் பெரியப்பா, தங்கச்சி என்பது இளைய அத்தை.

வீட்டுக்குள் அவர்களோடு நடந்துகொண்டே கேட்டால் இன்னும் நல்லது. தார்சாவில் நின்றால் ஒரு கதை வரும், அடுப்படிக்குப் போனால் வேறு கதை வரும். நாற்காலியில் உட்காரவைத்துப் போனை நீட்டினால் ஒன்றும் வராது. வாடகைக்கு இருந்தவர்களையும் விடாதீர்கள், எந்தச் சுவர் எப்போது எழுந்தது என்பது வீட்டுக்காரரைவிட அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

4. வீட்டுப் பெட்டியைத் திறக்கும்போது

எதையும் பிரிக்கும் முன் இருந்த வரிசையிலேயே புகைப்படம் எடுங்கள். ஒன்றாக மடித்து நூல் கட்டியிருந்தால் அவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று அர்த்தம், கலைத்துவிட்டால் அந்தத் துப்பு போய்விடும். கிழிந்த பத்திரத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.

முத்திரைத்தாளின் பின்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சப்தம் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது: பின்பக்கம்தான் முக்கியம். தாளை யார், எந்தத் தேதியில், எந்த ஊரில் வாங்கினார் என்று முத்திரைத்தாள் விற்றவர் எழுதியிருப்பார். அதற்குக் கீழே பதிவு அலுவலகத்தின் குறிப்பு: 1 புத்தகம், தொகுதி எண், பக்கங்கள், ஆண்டின் பத்திர எண். இந்த எண் ஒவ்வொரு வருடமும் 1இலிருந்து தொடங்கும். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு ஆண்டையும் அலுவலகத்தையும் விட்டால் அதனால் பயனில்லை.

கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு, பழைய தபால் அட்டைகளையும் ஒதுக்காதீர்கள். தபால் முகவரியில் பழைய கதவு எண்ணும் தெருவின் பழைய பெயரும் இருக்கும்.

5. எண்களுக்கு ஒரு பொருத்த அட்டவணை

வீடு ஒன்றுதான், அதன் எண்கள் பல. பழைய கதவு எண், புதிய கதவு எண், வரி விதிப்பு எண், பழைய சர்வே எண், நகர அளவையின் வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) எண். இவற்றை ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, எது எந்த ஆண்டுவரை வழக்கில் இருந்தது என்று குறியுங்கள்.

பட்டா, 'அ' பதிவேடு (ஊரின் நில விவர ஏடு), புல வரைபடம், நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றை அரசின் நிலச்சேவை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அவை இன்றைய நிலையைச் சொல்பவை. கிராமப்புறங்களில் இன்று நாம் பார்க்கும் பல பதிவுகள் 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திருத்தத்தில் உருவானவை. அதற்கு முந்தைய எண் வேண்டுமானால் வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை, அதாவது நிலத்தை அளந்து வரி விதித்தபோது எழுதிய ஏட்டை, கேட்க வேண்டும்.

வீடு நத்தத்தில் (ஊரின் குடியிருப்புப் பகுதியில்) இருந்தால் பழைய பத்திரத்தில் சர்வே எண்ணே இல்லாமல், கதவு எண்ணும் நான்கெல்லையும் மட்டும் இருக்கலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், 9ஆம் படி அதற்குத்தான்.

6. வில்லங்கம் போட்டுப் பாருங்கள்

வில்லங்கம் என்பது ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த விவரத்தை வெறுமனே பார்க்கக் காசு வேண்டாம். பல அலுவலகங்களுக்கு 1975 வாக்கிலிருந்து உள்ளவை இணையத்தில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, கையால் தேடச் சொல்ல வேண்டும்.

5ஆம் படியில் எழுதிய எல்லா எண்களையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். புதிய டி.எஸ். எண்ணை மட்டும் போட்டுவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் பிறப்பதற்கு முன் எழுதிய பத்திரம் எப்படி அதில் வரும்?

எண் உதவாத இடத்தில் பெயர் உதவும். அலுவலகத்தில் பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் உண்டு. பெயரை எழுதிக் கொடுக்கும்போது எல்லா எழுத்து வடிவங்களையும் கொடுங்கள்: சுப்பையா, சுப்பய்யா, சுப்பைய்யா.

7. நகல் வாங்கிப் படிப்பது

வில்லங்கத்தில் வருவது ஒரு வரிச் சுருக்கம்தான். பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தால்தான் கதை. அசையாச் சொத்துப் பத்திரங்கள் உள்ள 1 புத்தகத்தை யார் வேண்டுமானாலும் மனு செய்து பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் இருப்பது 3 புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் தர மாட்டார்கள், இறந்த பிறகு இறப்புச் சான்றோடு கேட்கலாம்.

பத்திரத்தில் தேட வேண்டியது நான்கு. விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது என்ற வரி முதலாவது, இதுதான் உங்களை அடுத்த படிக்குக் கொண்டுபோகும். எதற்காகப் பணம் என்ற வரி இரண்டாவது. எங்கள் தாத்தா 1951இல் எழுதிய அடமானப் பத்திரத்தில் "என் குமாரத்தி கலியாணச் செலவுக்காக" என்று இருந்தது. மூத்த அத்தை கல்யாணத்துக்கு வீடு ஈடுபோன விஷயம் அத்தைக்கே அன்றுவரை தெரியாது. மூன்றாவது நான்கெல்லை. நான்காவது சொத்து விவரம்: கூரை வீடா, நாட்டு ஓடா, சீமை ஓடா, மச்சு உண்டா, கிணற்றுப் பாத்தியம் யாருக்கு.

பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, குறில் நெடில் வித்தியாசம் பல இடத்தில் இருக்காது. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். ஆண்டு ௲௯௱௩௰௪ என்று இருந்தால் 1934. "வீசம்" என்றால் பதினாறில் ஒரு பங்கு. அளவு தச்சுமுழத்தில் இருந்தால் 33 அங்குலம் என்று வைத்துப் பெருக்குங்கள், சாதாரண முழமாக எண்ணிப் பெருக்கியவருக்குப் பாதி வீடு காணாமல் போயிற்று.

தேதியில் எல்லோரும் சறுக்குவார்கள். பவ வருஷம் 1934 சித்திரையில் தொடங்கியது, ஆக பவ வருஷம் தை மாதம் என்பது 1935 ஜனவரி. பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், பிறப்பது ஜூலையில். கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டாக இருந்தால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். தாது என்றதும் பஞ்சம் வந்த 1876தான் நினைவுக்கு வரும், ஆனால் 1936உம் தாதுதான். எது என்று முத்திரைத்தாளில் இருக்கும் ராஜா தலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய நகல் என்பது எழுத்தர் ஏட்டில் கையால் படியெடுத்ததன் நகல். பெயரில், அளவில் பிழை புகுந்திருக்கலாம். அசல் வீட்டில் இருந்தால் அசலையே நம்புங்கள்.

8. இடைவெளி வந்தால்

நாற்பது வருடத்துக்கு ஒரு பத்திரமும் இல்லை என்றால் அந்த நாற்பது வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒரு சாவு நடந்திருக்கும். தகப்பன் இறந்து மகனுக்கு வந்தால் பத்திரம் எழுத வேண்டிய தேவையே இல்லை. உயில் 3 புத்தகத்தில் கிடப்பதால் வில்லங்கத்தில் வராது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்ற பட்டியல்) மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். இன்னொன்று, 100 ரூபாய்க்குக் குறைவான கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அந்தக் காலத்துக் குடிசையும் காலிமனையும் பல அந்த விலைக்குள் அடங்கியவை.

ஆகவே இடைவெளி தென்பட்டால் இறப்புப் பதிவைத் தேடுங்கள், நகராட்சி வரிக் கேட்புப் பதிவேட்டில் எந்த ஆண்டு பெயர் மாறியது என்று பாருங்கள். பெயர் மாற்றம் உரிமைக்குச் சான்று ஆகாது. ஆனால் குடும்பத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பது அதில் தெரியும்.

பெண்கள் பெயர் இல்லாத பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்த்து "அத்தைகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள், "பெண்ணே இல்லை" என்றும் எழுதிவிடாதீர்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989இல்தான். அதற்கு முன் கொடுத்தது நகையாகவோ மஞ்சக்காணியாகவோ (சீராகக் கொடுத்த நிலம்) வேறு இடத்தில் இருக்கும். அத்தைகளையே கேளுங்கள், கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள்.

9. பக்கத்து வீட்டுப் பத்திரத்தைத் தேடுங்கள்

இது எனக்குத் தாமதமாகத் தெரிந்த வித்தை. உங்கள் வீட்டுப் பத்திரம் கிடைக்காத காலத்தில் பக்கத்து வீடு விற்கப்பட்டிருந்தால் அதன் நான்கெல்லையில் உங்கள் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். "இன்னார் வீட்டுக்குக் கிழக்கு" என்று ஒரு வரி. அந்த ஆண்டு அந்த மனை யார் கையில் இருந்தது என்பதற்கு அது போதும். நான்கு பக்கத்துக்கும் தேடினால் நான்கு சாட்சி.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எழுத்தர்கள் நான்கெல்லையை முந்தைய பத்திரத்திலிருந்து அப்படியே படியெடுத்துவிடுவார்கள். செத்து முப்பது வருடமான மனிதர் எல்லையில் உயிரோடு நிற்பார். அதனால் ஒரே ஒரு பத்திரத்தை நம்பாமல், குறைந்தது இரண்டு பக்கத்து வீடுகள் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

10. மனையின் வயது வேறு, கட்டடத்தின் வயது வேறு

பத்திரம் மனையைப் பின்தொடரும். கட்டடம் எப்போது எழுந்தது என்று அது நேராகச் சொல்லாது. இங்கேதான் நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

எங்கள் கூரையிலிருந்து விழுந்த ஓட்டின் பின்னால் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருந்தது. 1865ஆம் வருஷத்து வீடு என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அது மங்களூரில் அந்த ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருடம் கழித்து வந்த ஓடுகளிலும் அதே எண் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஓட்டில் அந்தப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தையது என்று மட்டும் சொல்லலாம். ஓடு எடுத்து மாற்றக்கூடிய பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள், இடிந்த வீட்டு ஓடு இன்னொரு வீட்டில் ஏறும்.

முகப்பில் சுதையில் எழுதிய ஆண்டும் அப்படியே. அது கட்டிய ஆண்டாக இருக்கலாம், முகப்பை மட்டும் புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம். முகப்புச் சுவரும் உள்சுவரும் சேரும் மூலையில் விரிசல் நேர்கோடாக ஓடினால் இரண்டும் வெவ்வேறு காலத்தவை என்று சந்தேகப்படுங்கள்.

மரம், சாந்து, இரும்பு மூன்றையும் பாருங்கள். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா தேக்கு வரத்து நின்றது. உத்தரமும் நிலையும் நல்ல பர்மா தேக்கு என்று வயதான ஆசாரி ஒருவர் தட்டிப் பார்த்துச் சொன்னால் அதற்கு முன் என்று ஊகிக்கலாம், ஊகம் என்றே குறியுங்கள். சுவர் சுண்ணாம்புச் சாந்தா சிமெண்டா என்று பூச்சு உதிர்ந்த இடத்தில் பாருங்கள், ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் சிமெண்ட் பகுதி பெரும்பாலும் பிற்சேர்க்கை. இரும்பு உத்தரம் இருந்தால் பக்கவாட்டில் ஆலையின் பெயர் புடைத்திருக்கும், சுண்ணாம்பைச் சுரண்டினால் தெரியும். இந்தச் சாட்சி ஒவ்வொன்றும் "இதற்கு முன்", "இதற்குப் பின்" என்று மட்டுமே சொல்லும்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு எல்லை கட்டினேன். 1934 கிரயத்தில் "கூரை வீடும் காலிமனையும்". 1951 அடமானத்தில் "சீமை ஓடு போட்ட மச்சு வீடு". பதினேழு வருட இடைவெளி. அத்தை சொன்ன சுண்ணாம்பு வாசனை அப்போதுதான் உறைத்தது. நகராட்சியின் பிறப்புப் பதிவை எடுத்தேன்: பெரியப்பா 1938, இளைய அத்தை 1941. நடுவில் மூன்று வருடம், அதற்குள் வீடு எழுந்திருக்கிறது. பர்மா தேக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. குடும்பத்தில் "நூத்தி அறுவது வருஷத்து வீடு" என்று நான் கிளப்பிவிட்ட பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

11. ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது?

பழைய ஏடு இன்றைய தலைநகரில் இருக்கும் என்று நினைத்து அலைய வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் 1910வரை திருநெல்வேலி மாவட்டம், அப்புறம் ராமநாதபுரம், 1985இல்தான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட காமராஜர் மாவட்டம், இன்றைய விருதுநகர் மாவட்டம். செங்கோட்டை 1949வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1வரை திருவிதாங்கூர்-கொச்சி, இன்று 2019இல் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. மனைவி வீட்டுப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் மலையாளமும் வந்ததற்குக் காரணம் அதுதான். படிக்க ஆள் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

ஊர் ஜமீனில் இருந்ததா என்றும் விசாரியுங்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது, அதற்குப் பிறகுதான் அந்த ஊர்களில் அரசு செட்டில்மெண்ட் நடந்தது. அதற்கு முந்தைய அரசுப் பட்டாவைத் தேடினால் கிடைக்காது, ஜமீன் கணக்கைத்தான் தேட வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை இதற்கெல்லாம் பிறகு, ஊர்ப்பெயரும் பழைய தாலுகாவும் ஆண்டும் கையில் இருக்கும்போது மட்டும் நாடுங்கள். வெறுங்கையோடு போனால் எதைக் கேட்பது என்றே தெரியாது.

12. எழுதும்போது

ஆண்டு வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "பத்திரம்", "பதிவேடு", "சொன்னது", "ஊகம்" என்று நான்கில் ஒரு சொல். பத்திரமும் அத்தையும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், அழிக்க வேண்டாம். எங்களுக்குக் கிணறு விஷயத்தில் அப்படி ஒரு முரண் இன்னும் தீரவில்லை. 1934 பத்திரத்தில் கிணற்றுப் பாத்தியம் உண்டு என்று இருக்கிறது, கிணறு தன் கண்முன்னால் வெட்டியது என்று அத்தை அடித்துச் சொல்கிறார். இரண்டு கிணறு இருந்திருக்கலாம், ஒன்று தூர்ந்திருக்கலாம், பக்கத்து வீட்டுக் கிணற்றில் பங்கு இருந்திருக்கலாம்.

உயிரோடு இருப்பவர்களின் கடன், வழக்கு, சண்டை எதையும் அவர்களைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். அச்சிட்ட பிரதியை ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று கொடுங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் நாலைந்து வெற்றுத்தாள் விட்டுத் தையுங்கள். எங்கள் சித்தப்பா தன் பிரதியில் அந்தத் தாள்களையெல்லாம் நிரப்பிவிட்டு இன்னும் தாள் கேட்டிருக்கிறார்.